தப்பு உங்கள் மேல் இல்லை, அம்மா!

கம்ப்யூட்டரில் ஒரு படிவம் நிரப்புகிறீர்கள். அது ஏற்க மறுக்கிறது. சிவப்பு எழுத்தில் ஏதோ சொல்கிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது? "நமக்குத்தான் விவரம் போதவில்லை" என்று தோன்றுகிறது. அல்லவா?

அப்படி நினைக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டு. ஏனென்றால், அந்தப் படிவங்களை எழுதுகிற கூட்டத்தில் நானும் ஒருவன்!

இணையதளங்களுக்குப் புரோகிராம் எழுதுவது என் தொழில். சென்னையில் 14 வருடமாக இதே வேலை. இதில் உள்ள தொல்லைகளைச் சொல்கிறேன். எங்கள் நல்ல பழக்கங்களையும் கெட்ட பழக்கங்களையும் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

மூன்று எம்!

சில மாதங்களுக்கு முன்பு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் கோவில்பட்டி. ஒரு ஜெராக்ஸ் எடுப்பதற்காகப் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன்.

அங்கே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மகன். பிளஸ்-2 முடித்த பையன். ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும். அன்றுதான் கடைசி நாள்.

பையனின் பெயரைப் போட்டாயிற்று. அடுத்து, "குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டம். நம்மில் எத்தனை பேருக்கு ஐயா குடும்பப் பெயர் இருக்கிறது? தகப்பனார் பெயரின் முதல் எழுத்துதான் நமக்கு இனிஷியல். பையன் "எம்" என்று ஒற்றை எழுத்தைப் போட்டான். உடனே சிவப்பு எழுத்து வந்தது. "செல்லாது" என்றது. எது செல்லாது? ஏன் செல்லாது? அதைச் சொல்லவில்லை.

அம்மாளின் முகம் வாடிவிட்டது.

"நான்தான் எதையோ தப்பாச் சொல்லிட்டேன் போல தம்பி. படிக்காதவளுக்கு என்ன தெரியும்?" என்றார், சென்டர் தம்பியிடம்.

அந்தத் தம்பி அனுபவசாலி. "விடுங்கக்கா, இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றான். "எம்" என்ற எழுத்தை மூன்று தடவை தட்டினான். எம், எம், எம்! கட்டம் பச்சையாக மாறியது. விண்ணப்பம் போய்விட்டது. அம்மாள் கும்பிட்டுவிட்டுப் பணத்தைக் கொடுத்தார்.

எனக்கு வியர்த்துவிட்டது. குடும்பப் பெயரில் குறைந்தது மூன்று எழுத்து இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரி எனக்குத் தெரிந்த வரி. அதே மாதிரி ஒரு வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன்!

பத்து நாளில் பிறந்த மொழி

இணையம் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா நகரம். அங்கே "செர்ன்" என்று ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடம். அங்கு வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1989-ல் ஒரு திட்டம் கொடுத்தார். விஞ்ஞானிகள் தங்கள் குறிப்புகளைக் கம்ப்யூட்டர் வழியாக ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ள ஒரு வழி. 1991-ல் அது வெளியுலகத்துக்கு வந்தது. 1993 ஏப்ரல் 30-ந்தேதி, "இது யாருக்கும் இலவசம்" என்று செர்ன் அறிவித்துவிட்டது. அன்று அவர்கள் காசு கேட்டிருந்தால், இன்று கோவில்பட்டியில் பிரவுசிங் சென்டர் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஓர் இணையப் பக்கத்துக்கு மூன்று அங்கங்கள். எச்.டி.எம்.எல். என்பது எலும்பு. சி.எஸ்.எஸ். என்பது உடை. ஜாவாஸ்கிரிப்ட் என்பது நரம்பு. நரம்பு இருந்தால்தானே கையும் காலும் அசையும்? நீங்கள் பொத்தானை அழுத்தியதும் ஏதாவது நடந்தால், அது பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டின் வேலை.

இந்த ஜாவாஸ்கிரிப்டின் பிறப்பு விசித்திரமானது. 1995-ம் ஆண்டு. நெட்ஸ்கேப் என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு அவசரம். பிரெண்டன் ஐக் என்பவர் முதல் உருவத்தைப் பத்தே நாளில் செய்து கொடுத்தார். பத்து நாள்! நம் வீட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்து வரவே பத்து நாள் ஆகிறது.

கெட்டிக்காரர்தான். ஆனால் அவசரத்தின் தழும்பு இன்னும் மறையவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஐந்தையும் மூன்றையும் கூட்டினால் எட்டு. குழந்தைக்கும் தெரியும். ஆனால் நீங்கள் கட்டத்தில் தட்டிய ஐந்தை ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாக வாங்குவதில்லை. எழுத்தாக வாங்குகிறது. எழுத்தோடு மூன்றைக் கூட்டச் சொன்னால், பக்கத்தில் ஒட்டிவிடும். விடை 53! சரி, கழித்தால்? அப்போது மட்டும் ஒழுங்காக 2 என்று சொல்லும். கூட்டலுக்கு ஒரு நியாயம், கழித்தலுக்கு ஒரு நியாயம்!

வேலைக்கு வந்த புதிதில் ஒரு சிறு கடைக்குப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். சாமான் 200 ரூபாய். அனுப்பும் கூலி 50 ரூபாய். மொத்தம் 20,050 என்று காட்டியது. கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, இப்படியே வித்தா ஒரு மாசத்துல நான் மாளிகை கட்டிடுவேன். ஆனா வாங்கத்தான் ஆள் வேணும்" என்றார். நல்ல மனிதர்.

இன்னொன்று. ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரி மாதத்தின் எண் 0. டிசம்பரின் எண் 11. ஆனால் தேதி மட்டும் 1-ல் தொடங்கும். ஏன்? ஜாவா என்ற வேறு மொழியில் அப்போது அப்படி இருந்தது. அதைப் பார்த்து அப்படியே செய்துவிட்டார்கள். எனக்கு இது தெரிந்து 14 வருடம் ஆகிறது. இன்றும் தவறுகிறேன்.

"திருத்திவிடலாமே?" என்று கேட்பீர்கள். முடியாது. இந்தக் கோணலை நம்பி உலகம் முழுவதும் பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. நிமிர்த்தினால் அவையெல்லாம் விழுந்துவிடும்.

வெங்காயமும் வாத்தும்

புரோகிராமில் உள்ள பிழையை நாங்கள் "பக்" என்போம். ஆங்கிலத்தில் அதற்குப் பூச்சி என்று பொருள். என்ஜினீயர்கள் அந்தச் சொல்லை வெகு காலமாகவே சொல்லி வந்தார்கள். ஆனால் 1947 செப்டம்பர் 9-ந்தேதி நிஜமாகவே ஒரு பூச்சி அகப்பட்டது! ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க்-2 என்ற ராட்சதக் கம்ப்யூட்டர். அது தகராறு செய்தது. திறந்து பார்த்தால், உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கிச் செத்துக் கிடந்தது. அதை எடுத்து வேலைக் குறிப்பேட்டில் ஒட்டி, அன்றைய சம்பவத்தையும் எழுதி வைத்தார்கள். அந்த ஏடு வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்தாக இருக்கிறது.

எங்கள் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. அதுதான் வித்தியாசம்.

நான் ஒரு நாளில் எழுதுவது கொஞ்சம். தேடுவதுதான் அதிகம். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் பார்த்தால், ஒரு பெயரில் பெரிய எழுத்துக்குப் பதில் சின்ன எழுத்து விழுந்திருக்கும். அதைத் திருத்த ஒரு விநாடி. கண்டுபிடிக்க நாலு மணி நேரம்!

வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் என் தாயார் இதைக் கவனித்திருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாளிடம், "என்ன வேலையோ! சும்மா உட்கார்ந்து அதையே பார்த்துக்கிட்டிருக்கான். சம்பளம் மட்டும் வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் காதிலும் விழுந்தது. கோபப்பட்டு என்ன பிரயோசனம்? வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

1999-ல் ஆன்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் என்ற இருவர் "தி பிராக்மாட்டிக் புரோகிராமர்" என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். எங்கள் தொழிலில் பேர்போன புத்தகம். அதில் ஒரு யோசனை உண்டு. பிழை அகப்படவில்லையா? மேஜை மேல் ஒரு ரப்பர் வாத்துப் பொம்மையை வை. உன் புரோகிராமை வரிவரியாக அதற்கு எடுத்துச் சொல். சொல்லும்போதே பிழை உனக்குத் தெரிந்துவிடும் என்பது அந்த யோசனை.

என் வீட்டில் வாத்து இல்லை. அம்மா இருக்கிறார். அவர் வெங்காயம் உரிக்கும்போது எதிரே போய் உட்கார்ந்துகொள்வேன். "அம்மா, இங்கே ஒருத்தர் பேரைக் கொடுக்கிறார். அது இந்தப் பெட்டிக்குப் போகுது. அங்கேயிருந்து இந்தப் பட்டியலுக்கு..." என்று தொடங்குவேன். அவர் "ம்", "ம்" என்பார். பாதியிலேயே, "அடடா! பட்டியலுக்கே போகலையே!" என்று ஓடுவேன். இப்படிப் பல பூச்சிகள் பிடிபட்டிருக்கின்றன. சம்பளத்தில் அம்மாவுக்கும் பங்கு உண்டு என்பது நியாயமே.

"சின்ன மாற்றம்தானே?"

எங்களுக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. "சின்ன மாற்றம்தானே, சாயந்திரத்துக்குள் முடித்துவிடுங்கள்" என்பதுதான் அது.

பொத்தானின் நிறத்தை மாற்று என்றால், சரி, சின்ன மாற்றம். பெயர்க் கட்டத்தை இரண்டாக்கு என்றால்? பார்ப்பதற்கு அதுவும் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் ஏற்கெனவே பதிந்தவர்களின் பெயரை எங்கே வெட்டுவது? ரசீதில் எப்படி அச்சிடுவது? போனுக்குப் போகும் செய்தியில் எந்தப் பாதி போகும்? பழைய வீட்டில் ஒரு ஜன்னலை நகர்த்தச் சொல்வது போலத்தான். உள்ளே மின்சாரக் கம்பி எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

அவசரம் வந்ததும் எந்தப் பழக்கத்தை முதலில் கைவிடுகிறோம்? சோதித்துப் பார்க்கும் பழக்கத்தைத்தான்! "என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே!" என்று அனுப்பிவிடுகிறோம். என் கம்ப்யூட்டர் புதியது. பெரிய திரை. வேகமான இணைப்பு. அந்த அம்மாளின் கையில் இருப்பது விரிசல் விட்ட பழைய போன். அதுவும் பஸ்ஸில் போகும்போது சிக்னல் வரும், போகும். என் மேஜையில் ஓடுவது அவர் கையில் ஓடுமா? பார்ப்பதற்கு நேரம் இல்லை என்போம்.

அவசரத்தில் இன்னொரு பழக்கமும் வரும். புரோகிராமில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். "மாணவர் பெயர்", "கட்டணம்" என்று வைத்தால் பிறகு வருபவருக்குப் புரியும். நாங்களோ "எக்ஸ்", "எக்ஸ்-1", "புதுசு", "புதுசு-2" என்று வைத்துவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து அதைத் திறந்தால், "எந்த மடையன் எழுதினான்?" என்று கோபம் வருகிறது. பதிவைப் பார்த்தால், எழுதியது நானே!

என் தாத்தா மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். பேரேட்டில் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி எழுதுவார். "நாளைக்கு நான் படுத்துட்டாலும் வேற ஆள் வந்து படிக்கணும்ல?" என்பார். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. புரோகிராம் எழுதும் பழக்கத்தை அவரிடம்தான் நான் கற்றிருக்க வேண்டும்.

நல்ல பழக்கம் ஒன்றும் சொல்கிறேன். "கிட்" என்று ஒரு சாதனம். லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்துக்காரர் 2005-ல் செய்தது. எழுதுகிற ஒவ்வொரு மாற்றத்தையும் அது தேதியோடு காப்பாற்றி வைக்கும். கெடுத்துவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். மாற்றும்போது, எதற்காக மாற்றினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அங்கேயும் எங்கள் குணம் போகுமா? "சரி செய்தது", "மறுபடி சரி செய்தது", "இப்போது நிஜமாகவே சரி செய்தது" என்று எழுதி வைத்திருப்போம்!

வெள்ளிக்கிழமை மாலையில் எந்த மாற்றத்தையும் அனுப்பக்கூடாது என்பது எங்களில் பலர் பார்க்கும் நியமம். அதுதான் எங்கள் ராகு காலம். சனி, ஞாயிறில் இணையதளம் விழுந்தால் தூக்கி நிறுத்த ஆள் இருக்காது.

பதினொரு வரி

இரவல் வாங்குவதும் எங்கள் பழக்கம். எல்லாவற்றையும் நாங்களே எழுதுவதில்லை. யாரோ எழுதிப் பொதுவில் வைத்ததை எடுத்துப் பொருத்திக்கொள்வோம். தப்பில்லை. சட்டி பானையை நாமே வனைந்தா சமைக்கிறோம்?

ஆனால் 2016 மார்ச்சில் ஒரு கூத்து நடந்தது. "லெஃப்ட்-பேட்" என்று ஒரு குட்டிப் புரோகிராம். எண்ணின் இடப்பக்கம் இடைவெளியோ பூஜ்யமோ சேர்ப்பதுதான் அதன் வேலை. மொத்தம் 11 வரி. அதை எழுதியவருக்கும் அதைப் பொதுவில் வைத்திருந்த இடத்துக்கும் ஒரு தகராறு. கோபத்தில் அவர் தன் சரக்கையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான்! உலகமெங்கும் புரோகிராமர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பெரிய கம்பெனிகளின் வேலைகூட நின்றது. சில மணி நேரத்தில் அந்த 11 வரியைத் திரும்ப வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. பலருக்குத் தாங்கள் அதை இரவல் வாங்கியிருந்ததே அன்றைக்குத்தான் தெரியும்!

யார் யாரை மன்னிப்பது?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எச்.டி.எம்.எல். எழுதும்போது ஒரு விதி உண்டு. திறந்ததை மூட வேண்டும். நாங்கள் அடிக்கடி மூட மறந்துவிடுவோம். என்ன ஆகிறது? ஒன்றும் ஆவதில்லை! உங்கள் போனில் உள்ள பிரவுசர், "பாவம், மறந்துவிட்டான்" என்று தானே ஊகித்து மூடிக்கொள்கிறது. பக்கம் நன்றாகவே தெரிகிறது. இப்படி மன்னிக்க வேண்டும் என்பது பிரவுசர் எழுதுகிறவர்களுக்கு விதியாகவே வகுக்கப்பட்டிருக்கிறது.

இன்டர்நெட்டை உருவாக்கியவர்களில் ஜான் போஸ்டல் என்று ஒருவர். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் முறையைப் பற்றி 1980-ல் அவர் எழுதி வைத்தார். கொடுக்கும்போது கண்டிப்பாக இரு, வாங்கும்போது தாராளமாக இரு என்பது அதன் சாரம். அந்தத் தாராளத்தில்தான் எங்கள் பிழைப்பு நடக்கிறது.

ஆனால் உங்களிடம் நாங்கள் எப்படி நடந்துகொள்கிறோம்?

போன் நம்பரில் நடுவே ஓர் இடைவெளி விட்டுவிட்டீர்கள். "செல்லாது" என்கிறோம். தேதியில் 05 என்பதற்குப் பதில் 5 என்று போட்டீர்கள். "செல்லாது." ஆதார் எண்ணை அட்டையில் இருப்பது போலவே நாலு நாலாகப் பிரித்துப் போட்டீர்கள். அதுவும் "செல்லாது"! அந்த இடைவெளியை எடுத்துவிட எங்களுக்கு எத்தனை வரி வேண்டும் தெரியுமா? ஒரே வரி. அதை எழுதச் சோம்பல்பட்டு, லட்சம் பேரைத் திரும்பத் திரும்பத் தட்ட வைக்கிறோம். எங்கள் பிழையைக் கம்ப்யூட்டர் மன்னிக்கிறது. உங்கள் பிழையை நாங்கள் மன்னிப்பதில்லை. இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

இடைவெளியாவது போகட்டும். பெயரில் என்ன பிழை இருக்க முடியும்? ஜப்பானில் வசித்துவந்த பாட்ரிக் மெக்கன்சி என்ற அமெரிக்கர், அவரும் புரோகிராமர்தான், 2010-ல் ஒரு கட்டுரை எழுதினார். பெயர்களைப் பற்றிப் புரோகிராமர்கள் கொண்டிருக்கும் தவறான நம்பிக்கைகள் 40 என்று அதில் பட்டியல் போட்டார். ஒருவருக்கு ஒரே பெயர்தான் என்பது தவறு. எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்பது தவறு. எல்லோருக்கும் பெயர் உண்டு என்பதே தவறு! பிறந்த குழந்தைக்கு ஏது பெயர்? எங்கள் கூட்டத்தில் பலர் அதைப் படித்துச் சிரித்தோம். பிறகு அடுத்த படிவத்தில் குடும்பப் பெயருக்குச் சிவப்பு நட்சத்திரம் போட்டோம்.

தமிழுக்கு இன்னொரு தொல்லை. முத்துலட்சுமி என்று ஒரு பெயர் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை எழுத்து? மு, த், து, ல, ட், சு, மி. ஏழு. ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லிவிடும். கம்ப்யூட்டரைக் கேளுங்கள். 13 என்கிறது! யூனிகோடு முறையில் "மு" என்பது ஓர் எழுத்து அல்ல. "ம" ஒன்று, கொம்பு ஒன்று. "த்" என்றால் "த" ஒன்று, புள்ளி ஒன்று. இது தெரியாமல், "பத்து எழுத்துப் போதும்" என்று ஒரு புரோகிராமர் கட்டம் கட்டினால், முத்துலட்சுமி "முத்துலட்ச" ஆகிவிடுவார். இன்னும் குறுகிய கட்டம் என்றால், "முத்து"வோடு நிற்பார். அதே பெயர் பாஸ் புத்தகத்தில் முழுதாக இருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்று ஒரு குமாஸ்தா சொல்லுவார். பிறகு அலைச்சல்தான்.

பிழை வந்தால் ஓர் எண் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 404 என்றும் 500 என்றும் வரும். அதற்கு ஓர் இலக்கணம் உண்டு. 4-ல் தொடங்கினால், கேட்டவர் பக்கம் பிழை. 5-ல் தொடங்கினால், கொடுப்பவர் பக்கம் பிழை. நல்ல ஏற்பாடு. ஆனால் எது உங்கள் பிழை, எது எங்கள் பிழை என்று தீர்மானித்து அந்த எண்ணைப் போடுகிறவர் யார்? நாங்கள்தான்! நீதிபதியும் நாங்களே, கட்சிக்காரரும் நாங்களே. "எம்" என்று போட்ட பையனுக்கு என்ன எண் கிடைத்திருக்கும்? நான் எழுதியிருந்தால் 400 போட்டிருப்பேன். பிழை உன்னுடையது என்று அர்த்தம்.

2022-ம் ஆண்டு கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. இப்போது புரோகிராமை இயந்திரமே எழுதித் தருகிறது. நானும் பயன்படுத்துகிறேன். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம்! சோதித்துப் பார்ப்பதற்காக, "மாணவர் விண்ணப்பத்துக்கு ஒரு படிவம் எழுது" என்று கேட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. அழகான படிவம். குடும்பப் பெயர் கட்டாயம் என்று அதிலும் போட்டிருந்தது. இயந்திரத்தைக் குறை சொல்லமாட்டேன். நாங்கள் எழுதி வைத்ததைப் படித்துத்தானே அது வளர்ந்தது?

ஆகவே வாசகர்களே, அடுத்த தடவை சிவப்பு எழுத்து வந்தால் தலையைக் குனியாதீர்கள். போனில் அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டம், என்ன போட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த அலுவலகத்துக்கோ கம்பெனிக்கோ அனுப்புங்கள். "இதை எப்படிப் போட வேண்டும் என்று உங்கள் பக்கம் சொல்லவில்லையே?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அந்தக் கடுதாசி சுற்றிச் சுற்றி என்னைப் போன்ற ஒருவன் மேஜைக்கு வந்து சேரும். ஒருவரும் கேட்காததால்தான் அந்த வரி வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது.

ஊரிலிருந்து திரும்பியதும் என்னுடைய பழைய புரோகிராமைத் தேடி எடுத்தேன். ஒரு பயிற்சி நிலையத்துக்காக எழுதியது. ஒன்பது வருடத்துக்கு முந்தியது. இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரியும் இருந்தது. குடும்பப் பெயர், குறைந்தது மூன்று எழுத்து. பக்கத்தில் எனக்காக நானே எழுதிய குறிப்பு: "பிறகு பார்க்கலாம்."

வரியை எடுத்துவிட்டேன். கட்டாயம் என்ற நட்சத்திரத்தையும் எடுத்தேன். இனிஷியலோடு ஒரு பெயர், இனிஷியல் இல்லாமல் ஒரு பெயர், தமிழில் நீளமாக ஒரு பெயர் என்று போட்டுப் பார்த்தேன். அம்மாவின் பழைய போனிலும் திறந்து பார்த்தேன். அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் அனுப்பினேன். மொத்தம் 40 நிமிட வேலை.

பட்டியலையும் புரட்டிப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் பதிந்தவர்களின் பெயர்கள். அதில் "எஸ்எஸ்எஸ்" இருந்தது. "கேகேகே" இருந்தது. ஒருவர் மூன்று புள்ளி வைத்திருந்தார். இன்னொருவர், "இல்லை இல்லை" என்றே எழுதியிருந்தார்.

கோவில்பட்டிப் பையனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதாம். சென்டர் தம்பி போனில் சொன்னான். அடையாள அட்டையில் பெயருக்குப் பின்னால் மூன்று எம் அச்சாகி வந்திருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் ஒரே எம். உதவித்தொகைக்கு இரண்டும் பொருந்த வேண்டுமாம். பெயரைத் திருத்த அந்த அம்மாள் இதுவரை இரண்டு நாள் கூலியை விட்டிருக்கிறார். இன்னும் ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள்.